உணவுக்குழாய்த் தசைக் கோளாறுகளுக்கு மருந்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் பல ஆண்டுகள் சீட்டு வாங்கி மருந்து எடுத்துக் கொடுத்தவன் நான். "இது நெஞ்சுவலி மாத்திரை ஆயிற்றே, எனக்கு ஏன் எழுதியிருக்கிறார்கள்?" என்று சன்னலுக்கு வெளியே நின்று கேட்டவர்களில் சிலருக்கு, இருந்தது விழுங்குவதில் தொல்லை. பின்னால் வரிசை நீண்டிருக்கும். அரை நிமிடத்தில் பதில் சொல்லி அனுப்பிவிடுவேன். அந்த அரை நிமிடத்துக்குள் அடங்காதவற்றை இங்கே எழுதுகிறேன். மருந்தையும் அளவையும் முடிவு செய்ய வேண்டியவர் உங்களைப் பரிசோதித்த மருத்துவர். அவர் ஏன் அப்படி முடிவு செய்தார் என்பது உங்களுக்குப் புரிய வேண்டும், அதற்காகவே இந்தப் பக்கம்.

சாப்பிட்டது நடு நெஞ்சிலேயே நிற்கிறது. எண்டோஸ்கோப்பியில் அடைப்பு எதுவும் இல்லை, தசையில்தான் கோளாறு என்கிறார்கள். அப்படி என்றால் என்ன?

நாம் விழுங்கும் சோறு தன் பாரத்தால் மட்டும் கீழே விழுவதில்லை. சுமார் 25 செ.மீ. நீளமுள்ள உணவுக்குழாயின் தசை, மேலிருந்து கீழாக அலைபோலச் சுருங்கி ஒவ்வொரு கவளத்தையும் பிழிந்து தள்ளுகிறது. படுத்துக்கொண்டு விழுங்கினாலும் உணவு வயிற்றுக்குப் போய்ச் சேர்வது அதனால்தான். அலை வந்து சேரும்போது, இரைப்பையின் வாசலில் இருக்கும் வளையத் தசை தளர்ந்து வழிவிட வேண்டும். உணவு இறங்கியதும் மூடிக்கொள்ள வேண்டும்.

இந்த ஒழுங்கு மூன்று விதமாகக் கெடுகிறது. வாசல் தளராமல் இறுகியே இருக்கலாம்; அதுதான் அக்கலேசியா. அலை முறை தப்பி, குழாயின் கீழ்ப்பகுதி ஒரே நேரத்தில் முறுக்கிக்கொள்ளலாம். இது இசிவு வகை. அல்லது தசை சோர்ந்து அலையே எழாமல் போகலாம். மூன்றிலும் நோயாளி சொல்வது ஒன்றுதான்: "இறங்கவில்லை." ஆனால் முதல் இரண்டிலும் தசையைத் தளர்த்த வேண்டும். மூன்றாவதில் தளர்த்தினால் இருக்கும் தொல்லை கூடும். எந்த வகை என்று தெரியாமல் மருந்து தொடங்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

வகையைக் கண்டுபிடிப்பது மானோமெட்ரி. மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை இறக்கி, தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிக்கச் சொல்லி, ஒவ்வொரு விழுங்கலுக்கும் தசையின் அழுத்தத்தை அளப்பார்கள். கண்ணில் நீர் வரும், குமட்டும், ஆனால் சிறிது நேரத்தில் முடிந்துவிடும். சென்னை, வேலூர் போன்ற ஊர்களின் பெரிய மருத்துவமனைகளில் இந்த வசதி இருக்கிறது. பேருந்துச் செலவைப் பார்த்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அக்கலேசியா ஏன் வருகிறது? காரமாகச் சாப்பிட்டதாலா?

இல்லை. நீங்கள் சாப்பிட்ட எதனாலும் இது வரவில்லை. உணவுக்குழாயின் தசை அடுக்குகளுக்கு நடுவே ஒரு நரம்பு வலை இருக்கிறது. அதில் "தளர்" என்று கட்டளையிடும் நரம்பணுக்கள் அழிந்துபோவதுதான் நோய். அந்தக் கட்டளையைத் தசைக்குக் கொண்டு செல்லும் முக்கியமான தூது நைட்ரிக் ஆக்சைடு. தூது நின்றுவிட்டால் வாசல் திறப்பதில்லை. உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே அந்த அணுக்களைத் தாக்குவதாகக் கருதப்படுகிறது. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு வரும் அரிய நோய் இது. தென் அமெரிக்காவில் சாகஸ் என்ற ஒட்டுண்ணி நோயும் இதே நிலையை உண்டாக்குகிறது.

இரண்டு ஆண்டாக அமிலத்துக்கு மாத்திரை போடுகிறேன். துளியும் குறையவில்லை. ஏன்?

என்னை மிகவும் வருத்திய கேள்வி இது. அக்கலேசியாவில் உணவு குழாயிலேயே தங்கிப் புளிக்கிறது. அதனால் நெஞ்சு எரிகிறது, எதுக்களிக்கிறது. கேட்பவருக்கு அது அமிலத் தொல்லையாகவே தோன்றும். ஓமெப்ரசோல், பான்டோபிரசோல் போன்றவை இரைப்பையில் அமிலம் சுரப்பதைக் குறைக்கும். இறுகிய வாசலை அவை தொடுவதே இல்லை. நம் ஊரில் பான்டோபிரசோலோடு, குமட்டலுக்குத் தரும் டொம்பெரிடோன் சேர்ந்த மாத்திரையைச் சீட்டில்லாமலே வாங்கிப் போடுகிறார்கள். டொம்பெரிடோனுக்கு அந்த வாசல் தசையை இன்னும் இறுக்கும் தன்மை உண்டு என்பதை நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

வேறுபாட்டுக்குச் சில அடையாளங்கள் உண்டு. அமில நோயில் எதுக்களித்து வருவது புளிப்பாக, கசப்பாக இருக்கும். அக்கலேசியாவில் காலையில் தின்ற இட்லி மாலையில் இரைப்பை அமிலத்தின் புளிப்போ கசப்போ இல்லாமல், செரிக்காமல் அப்படியே வரும். புற்றுநோய் அடைப்பில் முதலில் கெட்டி உணவு மட்டும் நிற்கும், தண்ணீர் பின்னால்தான் நிற்கத் தொடங்கும். தசைக் கோளாறில் தண்ணீரும் சோறும் தொடக்கத்திலிருந்தே ஒன்றுபோல நிற்கலாம். தலையணையில் காலையில் எச்சில் ஈரம், இரவு இருமல், உடல் மெலிவு ஆகியவை சேர்ந்தால் மாத்திரை மாற்றுவதை நிறுத்திவிட்டு, பரிசோதனை கேளுங்கள்.

அக்கலேசியாவுக்கு எழுதும் மாத்திரைகள் எவை? இதய மாத்திரையை எனக்கு ஏன் கொடுத்தார்கள்?

இரத்தக் குழாயின் சுவரில் இருப்பதும் உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் இருப்பதும் ஒரே இனத் தசை. அதனால் ஒன்றைத் தளர்த்தும் மருந்து மற்றதையும் தளர்த்துகிறது. மருந்து இதயத்துக்காகப் பிறந்தது; உங்களுக்கு அது உதவுவது இந்த உறவால்தான்.

இரண்டு மருந்துகளை முக்கியமாகப் பயன்படுத்துகிறார்கள். ஒன்று நைட்ரேட் வகையைச் சேர்ந்த ஐசோசார்பைடு டைநைட்ரேட். நம் மக்கள் சார்பிட்ரேட் என்ற பெயரில் அறிந்தது. உடலுக்குள் நைட்ரிக் ஆக்சைடாக மாறி, அழிந்துபோன நரம்பின் தூதை வெளியிலிருந்து கொண்டு சேர்க்கிறது. வழக்கமாக 5 மி.கி. மாத்திரையைச் சாப்பாட்டுக்கு 10 முதல் 15 நிமிடம் முன்னால் நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்வார்கள். மற்றொன்று நிஃபெடிபின். தசை சுருங்க வேண்டுமானால் அதன் அணுவுக்குள் கால்சியம் நுழைய வேண்டும்; இந்த மருந்து அந்த நுழைவை அடைக்கிறது. 10 முதல் 30 மி.கி. வரை, சாப்பாட்டுக்கு 30 முதல் 45 நிமிடம் முன்னால்.

நேரத்தைத் தவறவிட்டால் இந்த மருந்துகளால் பயன் இல்லை. சார்பிட்ரேட்டின் தளர்வு சில நிமிடங்களில் தொடங்கி, அதிகம் போனால் ஒன்றரை மணி நேரம் நிற்கும். நிஃபெடிபினும் இரண்டு மணி நேரத்தைத் தாண்டாது. "காலை, இரவு, சாப்பிட்ட பின்" என்ற நம் பழக்கத்தில் இவற்றை விழுங்குபவர் தலைவலியை மட்டும் வாங்கிக்கொள்கிறார். வாசல் தளர்ந்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் தட்டில் சோறு வந்துவிட வேண்டும்.

நாக்குக்கு அடியில் ஏன்? விழுங்க முடியாததால் பொடித்துத் தண்ணீரில் கலக்கலாமா?

விழுங்கினால் மாத்திரையும் சோற்றைப் போலக் குழாயிலேயே தங்கும். இரைப்பைக்கு எப்போது போகும், எவ்வளவு போகும் என்று சொல்ல முடியாது. நாக்குக்கு அடியிலுள்ள மெல்லிய தோல் வழியாக நைட்ரேட் நேரே இரத்தத்தில் கலந்துவிடும்.

பொடிப்பது பற்றி ஓர் எச்சரிக்கை. நிஃபெடிபின், அதைப் போலவே கால்சியம் நுழைவை அடைக்கும் டில்டியாஸெம் ஆகியவற்றில் ரிடார்டு, எஸ்ஆர் என்று அட்டையில் அச்சிட்ட வகைகள் மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்டவை. அவற்றைப் பொடித்தால் பல மணி நேரத்துக்கான மருந்து ஒரே மூச்சில் உள்ளே போய், இரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்கு இறங்கும். இரத்த அழுத்தத்துக்கு என்று வீட்டில் இருக்கும் மாத்திரையை இதற்கு எடுத்துக்கொள்ளவே கூடாது.

வேறு நோய்களுக்கான மாத்திரைகளையும் இங்கே சொல்ல வேண்டும். டாக்சிசைக்ளின், எலும்புத் தேய்வுக்கு வாரம் ஒரு முறை போடும் அலென்ட்ரோனேட், பொட்டாசியம் மாத்திரை ஆகியவை குழாயில் தங்கினால் சுவரைப் புண்ணாக்கிவிடும். எந்த மருத்துவரிடம் போனாலும் "எனக்கு விழுங்குவதில் கோளாறு" என்று முதலிலேயே சொல்லுங்கள். பல மருந்துகள் நீர்ம வடிவில் கிடைக்கும்.

மாத்திரை வைத்ததும் தலை பிளக்கிறது. நிறுத்திவிடலாமா?

தலைவலி, முகம் சூடாதல், எழுந்து நின்றதும் கண் இருட்டுதல் எல்லாம் இரத்தக் குழாய்கள் விரிவதன் விளைவு. நிஃபெடிபினில் கால் வீங்கும். உட்கார்ந்த நிலையில் மருந்தை வைத்துக்கொள்ளுங்கள், உடனே எழுந்து நடக்காதீர்கள். சிலருக்கு அளவைக் குறைத்தால் வலி தாங்கும்படி ஆகும். ஏற்கெனவே இரத்த அழுத்தம் குறைவாக இருப்பவருக்கும், கீழே விழும் பயமுள்ள முதியவருக்கும் இந்த மருந்தே பொருந்தாமல் போகலாம். மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கூச்சத்தால் ஆண்கள் மறைக்கும் ஒன்று உண்டு. ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில், தடலாஃபில் வகை மாத்திரை போடுபவர் நைட்ரேட்டைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் உயிர் போகும் அளவுக்கு அழுத்தம் விழும். சில்டெனாஃபிலே உணவுக்குழாய் வாசலைத் தளர்த்தும் என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். அதை எழுதினால் நைட்ரேட் எழுத மாட்டார்கள். சன்னலில் பத்துப் பேர் நடுவே சொல்ல முடியாவிட்டால், ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுங்கள். நான் அப்படிப் பல தாள்களை வாங்கிப் படித்துக் கிழித்துப் போட்டிருக்கிறேன்.

மாத்திரையிலேயே காலத்தை ஓட்டிவிடலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

மாத்திரை நோயைத் தடுப்பதில்லை. நரம்பு திரும்ப முளைப்பதில்லை. நாளடைவில் மருந்து பலனிழப்பதும் வழக்கம். அதற்குள் குழாய் தேங்கிய உணவால் அகலமாகிக்கொண்டே போகும். பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்டால் வளைந்து பை போலத் தொங்கிவிடும். அந்த நிலைக்கு வந்த குழாயின் வாசலைத் திறந்தாலும் உணவு சரியாக இறங்காது. அக்கலேசியாவுக்கான மருத்துவ வழிகாட்டுதல்கள் மாத்திரையைக் கடைசி வரிசையில் வைப்பது இதனால்தான். அறுவையையோ, வாசலைப் பலூனால் விரிக்கும் சிகிச்சையையோ தாங்க முடியாதவர்களுக்கும், அவற்றுக்கு நாள் குறித்துக் காத்திருப்பவர்களுக்கும் அது ஒரு தற்காலிகத் துணை.

போடாக்ஸ் ஊசி என்கிறார்களே, அது முகச் சுருக்கத்துக்குப் போடுவதல்லவா?

அதே மருந்துதான். பொட்டுலினம் டாக்சின் என்ற நச்சின் மிகச் சிறிய அளவு. "சுருங்கு" என்ற கட்டளையைக் கொண்டு செல்லும் அசிட்டைல்கோலின் நரம்பு முனையிலிருந்து வெளிவராமல் அது தடுக்கிறது. தளர்த்தும் நரம்பு செத்துவிட்டது, இறுக்கும் நரம்பின் வாயையும் கட்டிவிடுவோம் என்ற எண்ணம். பங்கஜ் பஸ்ரிச்சா என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1995-இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு இது உலகமெங்கும் பரவியது. வழக்கமாக 100 அலகு மருந்தை நான்காகப் பிரித்து, எண்டோஸ்கோப்பி வழியாக வாசல் தசையின் நான்கு பக்கமும் போடுகிறார்கள்.

முதல் மாதத்தில் பெரும்பாலோருக்கு நன்றாக இறங்கும். வீட்டில் விருந்தே வைப்பார்கள். ஓராண்டு முடிவதற்குள் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொல்லை திரும்பிவிடுகிறது, மறுபடி ஊசி வேண்டும். அதனால் எண்பது வயதுப் பாட்டிக்கு, இதயம் பலவீனமானவருக்கு இது நல்ல வழி. முப்பது வயது இளைஞருக்குத் திரும்பத் திரும்ப ஊசி போடுவது எனக்கு உடன்பாடில்லை. ஊசி போட்ட இடம் தழும்பேறினால் பின்னால் செய்யும் அறுவை கடினமாகலாம்.

அப்படியானால் நிலையான வழி எது?

மருந்தைப் பற்றிய பக்கம் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். வாசல் தசையைப் பலூனால் விரித்துக் கிழிக்கலாம் (30 முதல் 40 மி.மீ. அகலம் வரை படிப்படியாக). வயிற்றில் சிறு துளைகள் இட்டு வெட்டிவிடலாம். ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஹெல்லர் 1913-இல் தொடங்கிவைத்த அறுவையின் இன்றைய வடிவம் அது. வாய் வழியாகவே எண்டோஸ்கோப்பியைச் செலுத்தி உட்பக்கமிருந்து வெட்டலாம். ஜப்பானின் ஹருஹிரோ இனோவே 2008-இல் மனிதரிடம் முதலில் செய்தது. போயம் என்று பெயர். ஐரோப்பாவில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில் பலூன் 86 சதவீதத்தினருக்கும் அறுவை 90 சதவீதத்தினருக்கும் இரண்டு ஆண்டு வரை பலன் தந்தன. எந்த மாத்திரையும் இவ்வளவு நீடித்த பலனைத் தந்ததில்லை.

17-ஆம் நூற்றாண்டில் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர், திமிங்கல எலும்புக் குச்சியின் நுனியில் கடற்பஞ்சைக் கட்டி, நோயாளியே ஒவ்வொரு வேளையும் உணவைக் கீழே தள்ளிக்கொள்ளும்படி செய்தார். இறுகிய வாசலை வெளியிலிருந்து திறக்க வேண்டும் என்பது அன்றே தெரிந்திருக்கிறது.

நெஞ்சு வலித்தது. சார்பிட்ரேட் வைத்ததும் நின்றுவிட்டது. அப்படியானால் இதயமா, உணவுக்குழாயா?

அந்த மாத்திரையால் இதைத் தீர்மானிக்கவே முடியாது. இதய வலியும் அதில் அடங்கும், உணவுக்குழாய் இசிவின் வலியும் அதில் அடங்கும். இரண்டு வலியும் நடு நெஞ்சில் பிழியும், தோளுக்கும் தாடைக்கும் பரவும். "மாத்திரைக்குக் கேட்டது, ஆகவே இதயம்" என்பதும் தவறு. "ஏப்பம் விட்டதும் போய்விட்டது, வாயுதான்" என்பது உயிரைப் பறிக்கும் தவறு.

முதல் முறை நெஞ்சு வலி வந்தால் அதை இதய வலி என்றே எடுத்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். சோடா குடித்துப் பார்ப்பது, பெருங்காயம் கரைத்துக் குடிப்பது, விடியட்டும் என்று படுப்பது எதுவும் வேண்டாம். இதயத்தில் கோளாறு இல்லை என்று உறுதியான பிறகுதான் உணவுக்குழாயைப் பற்றிப் பேசலாம். உணவுக்குழாய் நோய் இருப்பது முன்பே தெரிந்தவருக்கும், வலி வழக்கத்துக்கு மாறாக இருந்தாலோ வியர்த்துக் கொட்டினாலோ இதே விதி.

இதயம் நன்றாக இருக்கிறது, உணவுக்குழாய் இசிவுதான் என்றார்கள். இதற்கு மருந்து உண்டா?

இங்கே மாத்திரைக்கு மரியாதை கூடுகிறது. பலருக்கு இசிவைத் தூண்டுவது அமிலம் என்பதால், சில வாரங்கள் அமில மருந்தைக் கொடுத்துப் பார்ப்பார்கள். கேட்காவிட்டால் டில்டியாஸெம், நைட்ரேட் போன்ற தளர்த்திகள். ஆனால் இவை வாசலையும் தளர்த்துவதால் அமிலம் மேலே ஏறலாம். வலி குறைந்து எரிச்சல் கூடினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். புதினா எண்ணெய்த் துளிகளைத் தண்ணீரில் கலந்து குடித்தபோது இசிவு தணிந்ததாகச் சிறு ஆய்வுகள் உண்டு. சாப்பாட்டுக்கு முன் அதை முயன்று பார்ப்பதில் பெரிய கேடில்லை, அமிலத் தொல்லை இல்லாதவராக இருந்தால். மிகவும் குளிர்ந்த தண்ணீரைத் தவிருங்கள். சிலருக்கு அதுவே வலியைக் கிளப்பும்.

இமிப்ரமின், டிராஸோடோன் எழுதியிருக்கிறார். கடைக்காரர் அது மனநோய் மாத்திரை என்கிறார். எனக்கு மனநோயா?

இல்லை அம்மா. உங்கள் வலி உண்மை. உணவுக்குழாயிலிருந்து மூளைக்குப் போகும் வலிச் செய்தி சிலருக்கு மிகைப்பட்டு ஒலிக்கிறது; மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடக் குறைந்த அளவில் இந்த மருந்துகள் அந்த ஒலியைத் தணிக்கின்றன. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். வாய் உலரும், தூக்கம் வரும், ஆகையால் பெரும்பாலும் இரவில் தருவார்கள். கடைக்காரரின் ஒரு சொல்லால் மருந்தை விட்டு, மறுபடி மாதக்கணக்கில் வலியோடு இருந்தவர்களை எனக்குத் தெரியும். சீட்டை நீட்டும் ஒவ்வொருவரிடமும் நாங்கள் இன்னும் பொறுப்பாகப் பேச வேண்டும்.

வேறு நோய்க்குப் போடும் மருந்தால் இந்தக் கோளாறு வருமா?

வரும். மார்ஃபின், ஃபென்டனைல், டிரமடால் போன்ற கடுமையான வலி மருந்துகளை நீண்ட நாள் எடுப்பவருக்கு உணவுக்குழாய் அப்படியே அக்கலேசியா போல, இசிவு போல மாறிவிடுவதுண்டு. மானோமெட்ரியும் அப்படியே காட்டும். மருந்தை நிறுத்த முடிந்தால் சரியாகவும் கூடும். முதுகுவலிக்காக மாதக்கணக்கில் டிரமடால் போடுகிறீர்கள் என்றால் பரிசோதனைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். நீங்களாகத் திடீரென நிறுத்தாதீர்கள்.

என் தங்கைக்குத் தோல் இறுகும் நோய். அவளுக்கும் விழுங்க முடியவில்லை. இதே மாத்திரை தரலாமா?

தரவே கூடாது. ஸ்கிளிரோடெர்மா என்ற அந்த நோயில் உணவுக்குழாய்த் தசை நலிந்து, வாசல் எப்போதும் திறந்தே கிடக்கும். தளர்த்தும் மருந்து கொடுத்தால் அமிலம் தடையின்றி ஏறும். அவருக்கு அமிலத்தை அடக்கும் மருந்துதான் முதன்மை. அது பெரும்பாலும் தொடர்ந்து தேவைப்படும். அலையைத் தூண்ட டொம்பெரிடோன், மெட்டோகுளோப்ரமைடு எழுதுவதுண்டு. பலன் குறைவு, கெடுதல் அதிகம்: முன்னதால் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடலாம், எரித்ரோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தோடு சேர்ந்தால் ஆபத்து கூடும். பின்னதை 12 வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் முகமும் நாக்கும் தாமாக அசையும் நிலை வந்து, சிலருக்கு மாறாமலே போய்விடும்.

தொண்டையிலேயே நிற்கிறது, தண்ணீர் மூக்கு வழியாக வருகிறது. இதுவும் அதுதானா?

பெரும்பாலும் வேறு. உணவுக்குழாயின் மேல் பகுதியும் தொண்டையும் கை கால் தசையின் இனம். நைட்ரேட் அங்கே வேலை செய்யாது. மாலையில் இமை தொங்கி, பேச்சு குழறினால் மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைச் சோர்வு நோய் இருக்கலாம்; அதற்கு பைரிடோஸ்டிக்மின் என்ற மருந்து இருக்கிறது. தசை அழற்சிக்கு ஸ்டீராய்டு. பக்கவாதத்திலும் இப்படி ஆகும். திடீரென்று தொடங்கினால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மருந்தோடு சாப்பாட்டில் என்ன கவனிக்க வேண்டும்?

கடைசி உணவுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று, நான்கு மணி நேரம் விடுங்கள். கட்டிலின் தலைப்பக்கத்துக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்துங்கள். இரவில் தேங்கியது நுரையீரலுக்குள் புகுவதே இந்த நோயின் பெரிய ஆபத்து. குழைந்த சோறு, ரசம், இடியாப்பம் தேங்காய்ப்பாலோடு எளிதாக இறங்கும். பரோட்டா, ரொட்டி, நார் உள்ள கறி நிற்கும். வெதுவெதுப்பான தண்ணீர் பலருக்கு உதவுகிறது. பந்தியில் அவசரப்படுத்தும் உறவினரிடம் தயங்காமல் சொல்லிவிட்டு மெதுவாகச் சாப்பிடுங்கள்.

எந்த நிலையில் காத்திருக்கக் கூடாது?

எச்சில்கூட இறங்காவிட்டால், இரத்தம் வாந்தி எடுத்தால், காய்ச்சலோடு இருமல் தொடர்ந்தால். பலூன் சிகிச்சைக்குப் பின் கடும் நெஞ்சு வலியோ கழுத்து வீக்கமோ வந்தால், குழாய் கிழிந்திருக்கலாம். அறுபதைத் தாண்டியவருக்குச் சில மாதங்களிலேயே தொல்லை முற்றி எடை வேகமாகக் குறைந்தால், வாசலருகே வளரும் புற்றுநோய் அக்கலேசியாவைப் போல நடிப்பதாக இருக்கலாம். அவருக்கு மாத்திரை கொடுத்துப் பார்க்கும் சோதனையே வேண்டாம்.

போயம் முடிந்துவிட்டது, நன்றாகச் சாப்பிடுகிறேன். இனி மருந்தே தேவையில்லையே?

சார்பிட்ரேட்டுக்கு விடை கொடுத்துவிடலாம். ஆனால் திறந்த வாசல் வழியாக இப்போது அமிலம் மேலே வரும், சிலருக்கு எரிச்சலே தெரியாமல் புண்ணாகும். முன்பு பயன் தராத அதே பான்டோபிரசோல் இப்போது உங்களுக்குத் தேவையான மருந்தாகிறது. காலையில் உணவுக்கு அரை மணி முன்னால் போடுங்கள். மருத்துவர் சொன்ன இடைவெளியில் எண்டோஸ்கோப்பிக்குப் போங்கள். பின்னாளில் பல்லுக்கோ கண்ணுக்கோ எந்தச் சிகிச்சைக்காக மயக்க மருந்து கொடுத்தாலும், அதற்கு முன் மயக்க மருத்துவரிடம் "எனக்கு அக்கலேசியா இருந்தது" என்று சொல்லிவிடுங்கள். குழாயில் உணவு தங்கியிருக்கக்கூடும் என்று அவர் அதற்கேற்ப ஏற்பாடு செய்வார்.